கர்ப்பம் இல்லாதபோது த்ரீ டி ஸ்கேன் எதற்கு?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 28 வயது. மேலூர் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. முதல் முறை ஒன்பதாவது வாரத்தில் தானாகவே கலைந்துவிட்டது. அடுத்த முறை பத்தாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது துடிப்பு இல்லை என்றார்கள். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய டி அண்ட் சி செய்தார்கள். போன மாதம் எச்எஸ்ஜி எடுத்தோம். கருக்குழாய் (டியூப்) இரண்டிலும் அடைப்பு இல்லையாம். ஆனால் ரிப்போர்ட்டில் "பைகார்னுவேட் கர்ப்பப்பை?" என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த ஒரு டாக்டர், உடனே வயிற்றில் கேமரா விட்டுப் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்கிறார். இன்னொரு டாக்டர், அவசரம் வேண்டாம், முதலில் உள்வழியாக ஒரு த்ரீ டி ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்கிறார். என் அத்தைக்கு இதில் உடன்பாடு இல்லை. "த்ரீ டி என்றால் வயித்துப் பிள்ளையோட முகத்தைப் பார்க்கிறதுதானே? பிள்ளையே இல்லாதப்ப அது எதுக்கு? காசு பிடுங்கப் பார்க்கிறாங்க" என்கிறார். அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பையில் சூடு ஏறிவிடும் என்றும் சொல்கிறார். எனக்கோ உள்வழி ஸ்கேன் என்றாலே பயம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், செலவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

இரண்டு முறை உண்டாகி இரண்டும் கைநழுவிப் போயிருக்கிறது. அந்த வேதனையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல், ரிப்போர்ட்டையும் செலவையும் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊரில் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் போனது, குடம் தூக்கியது, பப்பாளி சாப்பிட்டது என்று யாராவது ஏதாவது காரணம் சொல்லியிருப்பார்கள். மூன்று மாதத்துக்குள் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோமில் வந்த கோளாறால் கலைபவை. அது கரு உருவாகும்போதே தீர்மானமாகிவிடுகிறது. நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். த்ரீ டி ஸ்கேன் எடுங்கள். அதன் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை கேமரா ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கினால் உங்கள் அத்தைக்கும் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

உங்கள் எச்எஸ்ஜி ரிப்போர்ட்டில் "பைகார்னுவேட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அந்தக் கேள்விக்குறியை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. அதைப் போட்ட டாக்டர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். எச்எஸ்ஜி என்பது கர்ப்பப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. மருந்து போய் நிரம்பும் இடம் மட்டும் ஃபிலிமில் வெள்ளையாக விழும். அதாவது கர்ப்பப்பையின் உட்குழி தெரியும், டியூப் தெரியும். குழியைச் சுற்றியிருக்கும் சதை தெரியாது, சதைக்கு வெளியே இருக்கும் விளிம்பும் தெரியாது. உங்கள் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நடுவில் இடைவெளி விட்டு மேலே இரண்டு கொம்பு விரிந்து நிற்கும். அந்த இரண்டு கொம்பு, முற்றிலும் வேறான இரண்டு நிலைகளில் ஒரே மாதிரி விழும். கொம்புகளுக்கு நடுவிலுள்ள கோணத்தை அளந்து எது என்று ஊகிப்பார்கள். ஆனால் அது ஊகம்தான்.

அந்த இரண்டு நிலைகளும் எப்படி உண்டாகின்றன என்று சொல்கிறேன். ஒரு பெண் சிசு தன் தாயின் வயிற்றில் வளரும்போது, அதன் கர்ப்பப்பை முதலில் இரண்டு தனித்தனிக் குழாய்களாகத்தான் இருக்கும். அவை நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு நடுவில் நிற்கும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒரே அறை ஆகிவிடும். குழாய்கள் மேல்பக்கம் சரியாக ஒட்டாமல் விலகியே நின்றுவிட்டால் அதற்குப் பெயர் பைகார்னுவேட். இதில் கர்ப்பப்பையின் உச்சியே வெளியிலிருந்து பிளந்திருக்கும். குழாய்கள் நன்றாக ஒட்டி, நடுச்சுவர் மட்டும் கரையாமல் தங்கிவிட்டால் அது செப்டேட். இதில் வெளிவிளிம்பு சாதாரணமாக, வழவழவென்று இருக்கும். உள்ளே மட்டும் ஒரு தடுப்பு தொங்கும். ஒரு வீட்டுக்குள் நின்று பார்த்தால் நடுவில் சுவர் தெரிகிறது என்று வையுங்கள். ஒரே கூரைக்குக் கீழே தடுத்த சுவரா, ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளா என்பதை வெளியே வந்து கூரையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எச்எஸ்ஜி உள்ளேயே நிற்கிறது. உங்களுக்குத் தெரிய வேண்டியதோ கூரை.

முன்பெல்லாம் அந்தக் கூரையைப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, தொப்புள் வழியாக லேப்ராஸ்கோப்பி செய்து வெளிப்பக்கத்தைக் கண்ணால் பார்ப்பார்கள். அதே நேரத்தில் கீழ்வழியாக ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து உட்பக்கத்தைப் பார்ப்பார்கள். முதல் டாக்டர் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும். அவர் சொன்னது தவறான சிகிச்சை என்று நான் சொல்லவில்லை, நெடுங்காலம் அதுவே முறையாக இருந்தது. ஆனால் இன்று, வெறுமனே எது என்று கண்டுபிடிப்பதற்காக ஒரு பெண்ணை மயக்கத்தில் படுக்கவைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

சாதாரண உள்வழி ஸ்கேன், அதாவது டிவிஎஸ், இதைக் காட்டாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. சாதாரண ஸ்கேன் கருவி ஒரு நேரத்தில் ஒரு வெட்டுத் தளத்தைத்தான் காட்டும். உள்ளே வைக்கும் கருவியான புரோபைத் திருப்பினால் கர்ப்பப்பையை நீளவாக்கில் பார்க்கலாம், குறுக்குவாக்கில் பார்க்கலாம். ஆனால் முன்பக்கத்திலிருந்து நேருக்கு நேர் பார்க்கிற தளம் ஒன்று இருக்கிறது. நாங்கள் கரோனல் வியூ என்போம். அந்தத் தளத்துக்குப் புரோபைத் திருப்ப உடம்புக்குள் இடமே கிடையாது. உச்சியின் வெளிவிளிம்பும் உள்ளே இருக்கும் குழியும் ஒரே படத்தில் சேர்ந்து தெரிவது அந்தத் தளத்தில்தான். த்ரீ டி புரோபுக்குள் இருக்கும் ஒலிப்பகுதி தானாகவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அசைந்து, கர்ப்பப்பை முழுவதையும் ஒரு கன அளவாகப் பதிவு செய்துவிடும். அதன் பிறகு கம்ப்யூட்டரில் எந்தத் திசையில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம். விற்பனைக்கு வந்த முதல் த்ரீ டி ஸ்கேன் கருவியை 1989இல் ஆஸ்திரியாவில் செய்தார்கள். 1995இலேயே லண்டன் மருத்துவர்கள், அடிக்கடி கரு கலைந்தவர்களும் குழந்தை இல்லாதவர்களுமாக 61 பெண்களுக்கு எச்எஸ்ஜி, சாதாரண ஸ்கேன், த்ரீ டி ஸ்கேன் மூன்றையும் ஒப்பிட்டு எழுதிவிட்டார்கள். ஆகவே இது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. பிள்ளையின் முகத்தைக் காட்டுவதில் அதற்குக் கிடைத்த விளம்பரம், கர்ப்பப்பையைக் காட்டும் இந்தப் பெரிய உதவிக்குக் கிடைக்கவில்லை. உங்கள் அத்தைக்குத் தெரியாமல் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

உள்வழி ஸ்கேன் பயம் என்கிறீர்கள். அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பீர்கள் அல்லவா, இதற்கு அது வேண்டாம். சிறுநீர் போய்விட்டு வந்து படுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே போர்வை போர்த்திவிடுவார்கள். முழங்காலை மடக்கி, இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைப்பார்கள். புரோபின் நுனி கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். அதற்குப் புதிதாக ஓர் உறையை மாட்டி, ஜெல் தடவி, மெதுவாக உள்ளே வைப்பார்கள். எச்எஸ்ஜிக்கு மருந்து செலுத்தியபோது அடிவயிற்றைப் பிசைகிற மாதிரி ஒரு வலி வந்திருக்குமே, இதில் அது வராது. கர்ப்பப்பைக்குள் எதையும் செலுத்துவதில்லை, லேசான அழுத்தம் மட்டும்தான். முதலில் சாதாரணமாக எல்லாப் பக்கமும் பார்ப்பார்கள். அப்புறம் "மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கம்மா" என்பார்கள். புரோபைப் பிடித்திருக்கும் கையும் அசையக் கூடாது. சில நொடிகளில் பதிவு முடிந்துவிடும். இரண்டு மூன்று தடவை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

நீங்கள் எழுந்து உடை மாற்றும்போது எங்கள் வேலை தொடங்கும். திரையில் மூன்று பெட்டிகளில் மூன்று வெட்டுகள் நிற்கும். கர்ப்பப்பையின் உட்சவ்வு கோடாகத் தெரியும் இடத்தில் புள்ளியை வைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் அந்தக் கோட்டைப் படுக்கைவாட்டில் நேராக்கினால், மூன்றாவது பெட்டியில் முன்பக்கத் தோற்றம் எழுந்து வரும். சாதாரணக் கர்ப்பப்பையாக இருந்தால், உட்சவ்வு ஒரு வெள்ளை முக்கோணமாக நிற்கும். அகலமான பக்கம் மேலே, இரண்டு மேல் மூலைகளிலிருந்து டியூப் கிளம்பும். முக்கோணத்துக்கு மேலே சாம்பல் நிறச் சதை, அதற்கு மேலே வெளிவிளிம்பு. உங்கள் கேள்விக்கான பதில் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. விளிம்பு வளைந்து மேடாகவோ தட்டையாகவோ இருந்து, கீழே வெள்ளை மட்டும் இரண்டாகப் பிரிந்திருந்தால் செப்டேட். விளிம்பே நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருந்தால் பைகார்னுவேட்.

இந்த வேலை கருவியால் மட்டும் ஆவதில்லை. அந்தக் கோட்டை நேராக்கப் பழகிய கை வேண்டும். ஒரே பதிவைச் சாய்வாக வெட்டிப் பார்த்தால் இல்லாத பள்ளம் தெரியும், இருக்கிற பள்ளம் மறையும். ஆகவே போனில் கேட்கும்போது "த்ரீ டி இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். மதுரையில் பெரிய ஸ்கேன் சென்டர் எல்லாவற்றிலும் இருக்கும் என்பார்கள். "கர்ப்பமாக இல்லாதவர்களுக்குக் கர்ப்பப்பையின் கரோனல் வியூ எடுத்து, அளவு போட்டு ரிப்போர்ட் கொடுப்பீர்களா" என்று கேளுங்கள். "கொடுப்போம்" என்று உடனே சொல்கிற இடத்துக்குப் போங்கள். "டாக்டரைக் கேட்டுச் சொல்கிறோம்" என்றால் வேறு இடம் விசாரியுங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்றால் அதையும் போனிலேயே கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆண் டாக்டராக இருந்தால், ஸ்கேன் முடியும்வரை ஒரு நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

எந்த நாளில் எடுப்பது என்பதும் முக்கியம். மாதவிலக்கு வந்த முதல் நாளை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு 18ஆம் நாளிலிருந்து 25ஆம் நாளுக்குள் எடுத்தால் நல்லது. அப்போதுதான் உட்சவ்வு தடித்து வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும், குழியின் வடிவம் தெளிவாகத் தெரியும். மாதவிலக்கு முடிந்த கையோடு எடுத்தால் சவ்வு மெலிந்திருக்கும், வடிவம் சரியாகப் பிடிபடாது. ஒருவேளை அந்த மாதமே உண்டாகியிருந்தால் என்ன செய்வது என்று தோன்றும். ஒன்றும் ஆகாது. இதுவும் கர்ப்பத்தில் எடுக்கும் ஸ்கேனைப் போல ஒலி அலைதான்.

சூடு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்எஸ்ஜி எக்ஸ்ரேயில் எடுப்பது, அதில் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, அளவு குறைவு. இந்த ஒலி அலை ஸ்கேனில் கதிர்வீச்சே கிடையாது. த்ரீ டி ஆனாலும் அதே ஒலி அலைதான், பதிவு செய்யும் முறை மட்டுமே வேறு. மருத்துவத் தேவைக்காக எடுக்கும் ஸ்கேனால் கர்ப்பப்பை சூடாகிக் கரு தங்காமல் போகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அத்தையைக் கூடவே அழைத்துப் போங்கள். சென்டர் வாசலில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை என்று பலகை வைத்திருப்பார்கள். 1994இல் வந்து 2003இல் இன்னும் இறுக்கப்பட்ட சட்டம் அது. அதைப் பார்த்துவிட்டு, இந்த ஸ்கேனும் அதுக்குத்தானோ என்று வயதானவர்கள் குழம்புவதுண்டு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உள்ளே இருக்கிற டாக்டரே அவருக்குச் சொல்லட்டும்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் பெயர் மட்டும் இருந்தால் போதாது, அளவு இருக்க வேண்டும். வெளிவிளிம்பு எப்படி இருக்கிறது, உள்தடுப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, அதன் நுனிக் கோணம் எவ்வளவு, உச்சியில் சதையின் தடிமன் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாய் ஒன்றா இரண்டா என்பதும் வேண்டும். நான் இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், எது செப்டேட் என்பதிலேயே உலகத்து மருத்துவச் சங்கங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. உள்தடுப்பு உச்சிச் சதையின் தடிமனில் பாதிக்கு மேல் இறங்கினாலே செப்டேட் என்று ஐரோப்பியச் சங்கங்கள் 2013இல் வரையறுத்தன. அமெரிக்கச் சங்கம் 2016இல், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி, கோணமும் 90 டிகிரிக்குள் இருந்தால்தான் செப்டேட் என்றது. அதையே 2021இல் ஒரு சென்டிமீட்டர் என்று குறைத்தது. ஆகவே உட்பக்கம் லேசாக இறங்கியிருக்கிற ஒரே பெண்ணுக்கு, ஒரு டாக்டர் செப்டேட் என்றும் இன்னொருவர் நார்மல் என்றும் எழுதலாம், இருவரும் பொய் சொல்லவில்லை. அளவு கையில் இருந்தால் எந்த டாக்டரும் தானே முடிவு செய்துகொள்வார். பெயர் மட்டும் இருந்தால் நீங்கள் மறுபடியும் ஸ்கேனுக்கு அலைய வேண்டிவரும்.

எந்தப் பெயர் வந்தால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

பைகார்னுவேட் என்று உறுதியானால், ஆபரேஷன் பேச்சை அநேகமாக மறந்துவிடலாம். பிளந்த உச்சியை வெட்டிச் சேர்த்துத் தைக்கும் பெரிய ஆபரேஷன் ஒன்று உண்டு, இன்று அதை மிக அரிதாகவே செய்கிறார்கள். இப்படிப்பட்ட கர்ப்பப்பையோடு பிள்ளை பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் மாதம் நிறையுமுன்பே வலி எடுப்பதற்கும் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதற்கும் வாய்ப்பு கூடுதல். அதனால் அடுத்து உண்டானவுடன் டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். நான்கு ஐந்து மாதத்தில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளந்து பார்ப்பார்கள். சுருங்கினால் மருந்தோ தையலோ உண்டு. இன்று உலகம் முழுக்கப் போடும் தையல் முறைகளில் ஒன்று மும்பை மருத்துவர் ஷிரோத்கர் 1950களில் அறிமுகப்படுத்தியது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

செப்டேட் என்று வந்தால்தான் யோசனை தேவைப்படுகிறது. வயிற்றைக் கிழிக்காமல், ஹிஸ்டரோஸ்கோப்பி வழியாகவே அந்தத் தடுப்பை அறுத்துவிடலாம். சுலபமாகத் தோன்றும், அதனாலேயே "எடுத்துவிட்டால் பிள்ளை தங்கிவிடும்" என்று பலர் உறுதியாகச் சொல்லிவிடுகிறார்கள். நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று பல நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. 80 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுத்தார்கள், மறு பாதியை அப்படியே விட்டார்கள். உயிரோடு பிள்ளை பெற்றவர்கள் அறுத்த பக்கம் 31 சதவீதம், விட்ட பக்கம் 35 சதவீதம். எண்ணிக்கை சிறியது, அந்த நாலு சதவீத வித்தியாசத்துக்கு அர்த்தம் கிடையாது. ஆனால் அறுத்தால் நிச்சயம் பலன் என்று சொல்ல அதில் இடமில்லை. மறுபக்கம், ஆழமான தடுப்பு இருந்து திரும்பத் திரும்பக் கலைகிறவர்களுக்குச் செய்யலாம் என்று நினைக்கிற அனுபவசாலி டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. உங்கள் தடுப்பு ஆழமாக இருந்தால், உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். எவ்வளவு ஆழம், செய்தால் என்ன லாபம், உள்ளே ஒட்டிக்கொள்ளவோ ஓட்டை விழவோ எவ்வளவு வாய்ப்பு, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். லேசான இறக்கம்தான் என்றால், என் அபிப்பிராயத்தில், கத்தி வேண்டாம்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். கர்ப்பப்பை இப்படி வித்தியாசமாக அமைவது அபூர்வம் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் எழுதிய ஒரு கட்டுரைப்படி, பொதுவாகப் பெண்களில் 100க்கு ஐந்தாறு பேருக்கு ஏதோ ஒரு வகை வித்தியாசம் இருக்கிறது. கரு கலைந்தவர்களிடம் அது 13 சதவீதம். அதாவது வித்தியாசத்தோடேயே நல்லபடி பிள்ளை பெற்று, தனக்கு அப்படி இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். உங்களுக்கு அது இருக்கிறது என்பதாலேயே கலைந்ததற்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட முடியாது. எனவே மற்ற சோதனைகளையும் விட்டுவிடாதீர்கள். தைராய்டு, சர்க்கரை பாருங்கள். ரத்தம் உறைவதைத் தூண்டுகிற ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இதை 12 வார இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தால்தான் உறுதி. இது இருந்தால் சிகிச்சை உண்டு, அதனால் பலனும் உண்டு, ஆகவே தவறவிடக் கூடாதது இது. தேவைப்பட்டால் உங்கள் இருவருக்கும் குரோமோசோம் சோதனை. "இருவருக்கும்" என்றால் வீட்டுக்காரருக்கும்தான். பரிசோதனை என்றதும் பெண்ணை மட்டும் அனுப்புகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை.

உங்களுக்கு டி அண்ட் சி செய்ததாக எழுதியிருப்பதால் ஸ்கேன் எடுக்கும் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சிலருக்குக் கர்ப்பப்பையின் உட்சுவர்கள் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். கர்ப்பப்பையில் காசநோய் வந்தாலும் இப்படி ஒட்டும், நம் நாட்டில் அதையும் மறக்கக் கூடாது. கரோனல் படத்தில் வெள்ளை முக்கோணம் அங்கங்கே அறுபட்டுத் தெரிந்தால் சந்தேகம் வரும். அதை உறுதிசெய்ய, மெல்லிய டியூப் வழியாகக் கொஞ்சம் சலைன் விட்டு ஸ்கேன் பார்ப்பார்கள். அது மட்டும் அந்த மாத ரத்தப்போக்கு நின்றபின், சுற்றில் கரு உண்டாக வாய்ப்பில்லாத முதல் பத்து நாளுக்குள் செய்ய வேண்டியது. உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாலிப், சதைக்கட்டி இவையும் அதில் நன்றாகத் தெரியும். சதைக்கட்டி குழிக்குள் எவ்வளவு, சதைக்குள் எவ்வளவு என்பதை வைத்துத்தான் அதைக் கீழ்வழியாக எடுக்கலாமா என்று தீர்மானிக்கிறார்கள். அதற்கும் த்ரீ டி படம் கைகொடுக்கும். காப்பர் டி போட்டுக்கொண்டு ஓயாத வலியோ ரத்தப்போக்கோ இருக்கிற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை: அதன் கை சதைக்குள் குத்தியிருக்கிறதா என்பதைச் சாதாரண ஸ்கேனைவிட இந்தக் கரோனல் படம் தெளிவாகக் காட்டும்.

த்ரீ டி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பெரிய சதைக்கட்டி குறுக்கே இருந்தால் படம் மங்கும். ஒரு பக்கக் கொம்பு மூடிக்கிடந்து உள்ளே ரத்தம் தேங்குவது போன்ற சிக்கலான அமைப்புகளுக்கு எம்ஆர்ஐதான் சரி. கல்யாணமாகாத பெண்களுக்கு உள்வழி ஸ்கேன் எடுப்பதில்லை, அவர்களுக்கும் சந்தேகம் வலுவாக இருந்தால் எம்ஆர்ஐ. உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். த்ரீ டி பார்த்தும் பதில் கிடைக்காவிட்டால் மட்டும் போங்கள்.

செலவு பற்றி. த்ரீ டிக்கு ஆகும் செலவு சாதாரண டிவிஎஸ்ஸைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் எம்ஆர்ஐக்கும், மயக்கம் கொடுத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கும் ஆகிற செலவோடு பார்த்தால் மிகக் குறைவு. இடத்துக்கு இடம் கட்டணம் மாறும், இரண்டு மூன்று சென்டரில் விசாரித்துவிட்டுப் போங்கள். முதலில் மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி மகப்பேறு பிரிவில் எல்லா ரிப்போர்ட்டோடும் காட்டுங்கள். ரத்தச் சோதனைகளில் பலவற்றை அங்கேயே பார்த்துக்கொண்டால் கைக்காசு மிச்சம். அங்கே த்ரீ டி கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், பின்னால் ஏதாவது சிகிச்சை என்று வந்தால் உதவும்.

அத்தை அழகர்கோயிலுக்கு ஏதாவது நேர்ந்துகொண்டிருந்தால் அதையும் தாராளமாகச் செய்யட்டும். சித்திரைத் திருவிழா சமயமாக இருந்தால் மட்டும், அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களைத் தவிர்த்து ஸ்கேனுக்கு நாள் வாங்குங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து ஊருக்குள் வந்து சேர்வதற்குள் நீங்கள் களைத்துவிடுவீர்கள்.

போகும்போது எச்எஸ்ஜி ரிப்போர்ட்டோடு ஃபிலிமையும் எடுத்துப் போங்கள், இரண்டு கர்ப்பத்தின் பழைய ஸ்கேன்களையும்தான். உள்வழி ஸ்கேன் முடிந்ததும், வயிற்றின் மேல் வைத்து இரண்டு சிறுநீரகங்களையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சிசுவில் கர்ப்பப்பையும் சிறுநீரகமும் பக்கத்துப் பக்கத்தில் உருவாகின்றன, ஒன்றில் மாற்றம் இருந்தால் மற்றதிலும் இருக்க வாய்ப்பு உண்டு. சிலருக்கு ஒரு பக்கச் சிறுநீரகமே இருக்காது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்னால் அது தெரிந்திருப்பது நல்லது. அதே படுக்கையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.